ஈரலை மீள ஆக்கும் கலங்கள் எவை? ஒரு விஞ்ஞான விவாதத்தின் வரலாறு

மனித உடலின் உள்ளுறுப்புகளுள், பெரும்பகுதி வெட்டி அகற்றப்பட்ட பின்னரும் சில வாரங்களிலோ மாதங்களிலோ தன் பருமனை ஏறத்தாழ மீட்டுக்கொள்வதில் ஈரலுக்கு நிகரானது வேறில்லை. இச்செய்தி இன்று பாடநூல்களிலும் இடம்பெறுகின்றது. ஆயின் அவ்வாறு மீள வளர்வது எதிலிருந்து என்ற வினா அத்துணை எளிதில் விடை பெற்றுவிடவில்லை. எஞ்சியிருக்கும் முதிர்ந்த ஈரற்கலங்களே பிரிந்து பெருகுகின்றனவா? அன்றி, உறுப்பின் மறைவிடம் ஒன்றிலே முளையக் காலத்து இயல்பு மாறாத தண்டுக் கலங்கள் காத்திருந்து, தேவை நேர்கையில் விழித்தெழுகின்றனவா? 1950களிலே கூர்மையடைந்த இவ்விவாதம் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக நீடித்தது. அதன் வரலாற்றை நோக்குவதே இக்கட்டுரையின் கருமம். விடையைக் காட்டிலும், அவ்விடைக்கு எவ்வாறு வந்து சேர்ந்தனர் என்பதே ஈண்டுக் கூடிய கவனத்தைப் பெறுகின்றது. சாயத் தொழிற்சாலையும் அணுகுண்டுப் பரிசோதனையும் இவ்வரலாற்றினுள் வந்து புகுவதை வாசகர் காண்பர்.

ஈரலைப் பற்றி எழுதுவோர் பலரும் கிரேக்கரின் புரோமிதியஸ் கதையிலிருந்து தொடங்குவது வழக்காகிவிட்டது. தேவரிடமிருந்து தீயைக் கவர்ந்து மாந்தருக்கு ஈந்தமைக்காகப் பாறையிற் பிணிக்கப்பட்ட அவனது ஈரலைக் கழுகு பகலிலே தின்னும். இரவிலே அது மீள வளரும். ஹெசியொட்டின் நூலிலே இக்கதை வருகின்றது. இதனைக் கொண்டு, ஈரலின் மீள்வளர்ச்சியைப் பண்டைக் கிரேக்கர் அறிந்திருந்தனர் எனக் கூறுவோர் உளர். இம்முடிவு ஏற்கத்தக்கதாகத் தோன்றவில்லை. கதையிலே வளர்வது சாகாவரம் பெற்ற ஒருவனின் ஈரல். தண்டனை முடிவுறாது நீள வேண்டுமாயின் உறுப்பு மீள வளர்ந்தேயாக வேண்டும். இது கதையின் தர்க்கமேயன்றி உடற்கூற்று அவதானம் எனக் கொள்ள ஆதாரமில்லை. (இளம் மார்க்ஸ் 1841இல் தம் கலாநிதிப் பட்ட ஆய்வேட்டின் முன்னுரையிலே போற்றிய வீரன் இப்புரோமிதியஸ் என்பதும், அவர்தாம் பிற்காலத்தில் ஈரல் உபாதையால் நெடிது வருந்தினார் என்பதும் தற்செயலான பொருத்தங்கள்.) பாபிலோனியர் ஆட்டின் ஈரலைக் குறிபார்ப்பதற்குப் பயன்படுத்தினர், அதனைக் கற்பிப்பதற்கென அவர்கள் செய்த களிமண் ஈரல் உருக்கள் இன்றும் எஞ்சியுள்ளன. உயிரின் இருக்கை ஈரல் என்ற நம்பிக்கை பரந்திருந்தமைக்கு இவை சான்று. மீள்வளர்ச்சி பற்றிய அறிவுக்குச் சான்றல்ல.

கேலன் முதலாக, உணவைக் குருதியாக்கும் உறுப்பு ஈரலே என்ற கொள்கை ஐரோப்பாவில் ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு மேல் நிலவியது. 1628இல் ஹார்வியின் குருதிச் சுற்றோட்ட நூல் வெளிவந்ததும் அக்கொள்கை ஆட்டங்கண்டது. 1653இல், நிணநீர்க் கலன்கள் பற்றி எழுதிய தொமஸ் பார்தோலின், ஆட்சியிழந்த ஈரலுக்கு ஈமச்சடங்கே நடத்தி எழுதினார். இழந்த மதிப்பை அவ்வுறுப்பு மீளப் பெற்றது 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே, குளோட் பேர்னார்ட் அது வெல்லத்தை ஆக்கிச் சேமிப்பதை நிறுவிய பின்னராகும்.

நம் வினா வினாவாகவே எழுவதற்குக் கலக்கொள்கை வேண்டியிருந்தது. புதிய கலங்கள் உருவமற்ற பாய்பொருளிலிருந்து படிகம்போல் உறைந்து தோன்றுகின்றன என நம்பப்பட்ட காலத்திலே, அவற்றின் மூதாதை எது எனக் கேட்பதற்கு இடமேயில்லை. கலங்கள் முன்னிருந்த கலங்களின் பிரிவாலேயே தோன்றுகின்றன என்பதை 1850களின் தொடக்கத்தில் வலியுறுத்தியவர் பேர்லினைச் சேர்ந்த றொபேட் றெமாக். யூதராயிருந்தமையால் உரிய பதவி அவருக்கு மறுக்கப்பட்டது. அதே கருத்தை 1855இல் எடுத்துரைத்து, 1858இல் நூலாகவும் நிலைநாட்டியவர் றுடோல்ப் வேர்ச்சோ. புகழும் அவரையே சேர்ந்தது. மேற்சிலேசியாவின் கொள்ளைநோய்க்கு வறுமையும் ஆட்சியின் அசட்டையுமே காரணம் என 1848இல் அறிக்கை எழுதி, அவ்வாண்டுப் புரட்சியிலும் தெருத்தடுப்புகளில் நின்றவர் அவர். எனவே அவர்மீது நமக்குப் பற்றுண்டு. ஆயினும் றெமாக்கின் பங்கை மறைத்தலாகாது.

ஒவ்வொரு கலத்துக்கும் ஒரு மூதாதைக் கலம் உண்டெனில், மீள வளர்ந்த ஈரலின் கலங்களுக்கு மூதாதை யாது? 1889இலும் அதனையடுத்தும் பிறெஸ்லோவைச் சேர்ந்த எமில் பொன்பிக் முயல்களின் ஈரலிற் பெரும்பகுதியை அகற்றியும் அவை உயிர்வாழ்வதையும், எஞ்சிய பகுதி விரைவிற் பருப்பதையும் காட்டினார். ஆயினும் பிற்கால ஆய்வுகளுக்கெல்லாம் அடித்தளமாய் அமைந்தது 1931இல் ஹிகின்ஸ், அன்டர்சன் ஆகியோர் எலியிலே வகுத்த சத்திரசிகிச்சை முறையாகும். எலியின் ஈரல் தெளிவாகப் பிரிந்த சோணைகளையுடையது. அவற்றுட் பெரிய இரண்டையும் அடியிலே கட்டி அறுத்துவிட்டால் உறுப்பின் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நீங்கும்; குருதிப்பெருக்கு மிகக் குறைவு; எலி பிழைத்துக்கொள்ளும். ஒரு வாரம் பத்து நாளிலே ஈரல் பழைய நிறையை எய்திவிடும். அகற்றிய சோணைகள் மீள முளைப்பதில்லை, எஞ்சிய சோணைகளே பருக்கின்றன என்பது மனங்கொளத்தக்கது. பல்லியின் வால் மீள வளர்வது ஒரு வகை. இது பிறிதொரு வகை. மீள்வளர்ச்சி என்னும் பெயரே இங்கு முற்றும் பொருந்தாது, ஈடுசெய் பெருக்கம் என்றலே தகும் எனக் கூறும் ஆசிரியர்கள் கூற்றிலே நியாயமுண்டு.

இயல்பு நிலையில் ஈரல் மிக அமைதியான உறுப்பு. நுணுக்குக்காட்டியிலே பல்லாயிரம் கலங்களைப் பார்த்தாலும் பிரிவுறும் கலம் ஒன்றைக் காண்பதரிது. சத்திரசிகிச்சையின் பின் நிலைமை தலைகீழாகின்றது. இதனை அளந்தறியும் கருவி அணுவியல் ஆய்விலிருந்து வந்தது. 1957இல் அமெரிக்காவின் புறூக்ஹேவன் ஆய்வுகூடத்தில் ஐதரசனின் கதிர்த்தொழிற்பாடுடைய சமதானியாகிய திரிதியத்தை ஏற்றிய தைமிடின் பயன்பாட்டுக்கு வந்தது. டி.என்.ஏ.யைப் புதிதாகத் தொகுக்கும் கலம் மட்டுமே இப்பொருளை ஏற்கும். ஒளிப்படப் பசையிலே அக்கலத்தின் கரு கரும்புள்ளிகளாகத் தன்னைக் காட்டிக்கொடுக்கும். இம்முறையைக் கொண்டு ஜோ கிறிஷாம் 1962இல் வெளியிட்ட ஆய்வு, எலியின் ஈரற்கலங்கள் அறுவைக்குப் பின் ஏறத்தாழ ஒரு நாளில் டி.என்.ஏ. தொகுப்பின் உச்சத்தை அடைவதையும், அவ்வலை வாயினாளத்தை அண்டிய பகுதியிலே தொடங்குவதையும், பித்தக்கான் கலங்களும் பிறவும் அவற்றின் பின்னரே இணைவதையும் காட்டிற்று. முதிர்ந்த ஈரற்கலம், தன் அன்றாடத் தொழிலைக் கைவிடாமலேயே, தானே பிரிகின்றது. தண்டுக் கலத்துக்கு இங்கு வேலையில்லை.

இக்கலங்களுக்குப் பெருகுமாறு கட்டளையிடுவது யாது என்பது தனி வினா. நான்சி பூச்சரும் அவர்தம் கூட்டாளிகளும் 1951இல் எலிகளை உடலோடு உடல் இணைத்தும், 1967இல் அவரும் மோல்ற்றனும் குருதிச் சுற்றோட்டங்களை நேரே இணைத்தும், ஓர் எலியின் ஈரலை அறுத்தால் அறுவைக்குட்படாத மற்றைய எலியின் ஈரலிலும் கலங்கள் விழிப்பதைக் காட்டினர். செய்தி குருதி வழியே செல்கின்றது என்பது இதனால் உறுதியாயிற்று. அச்செய்திப் பொருள்களுள் ஒன்றாகிய ஈரற்கல வளர்ச்சிக் காரணி யப்பானிலே 1984இற் பிரித்தறியப்பட்டு, 1989இல் அதன் பரம்பரையலகும் கண்டறியப்பட்டது.

இவ்வளவோடு வினா தீர்ந்திருக்கும். தீராமற் செய்தவை சாயங்கள்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே நிலக்கரித் தாரிலிருந்து செயற்கைச் சாயங்களை ஆக்கும் தொழில் ஜேர்மனியிலே பேருருவெடுத்தது. அச்சாயங்களுள் ‘வெண்ணெய் மஞ்சள்’ என வணிகப் பெயர் பெற்றதொன்று, வெண்ணெய்க்கும் மாஜரீனுக்கும் நிறமூட்டப் பயன்பட்டது. 1930களின் முற்பகுதியில் யப்பானிய ஆய்வாளர் சசாகியும் யொஷிடாவும் இதனோடு உறவுடைய ஓர் அசோச் சாயத்தை எலிகளுக்கு ஊட்டி ஈரற் புற்றுநோயை உண்டாக்கிக் காட்டினர். 1937இல் கினோசிற்றா வெண்ணெய் மஞ்சளே புற்றுநோயை உண்டாக்கும் என நிறுவினார். மக்களின் மேசையிலே வெண்ணெய்க்குக் கவர்ச்சி தந்த பொருள் ஆய்வுகூடத்திலே நஞ்சாக வெளிப்பட்டது. பூச்சிகொல்லியாக விற்கக் கருதப்பட்ட பிறிதொரு பொருள், அசெற்றைலமினோபுளோரீன், சந்தைக்கு வருமுன் நிகழ்ந்த சோதனையிலே 1941இல் இவ்வாறே அகப்பட்டுக்கொண்டது. சந்தையை எட்டாத அப்பொருள் அதன்பின் ஈரல் ஆய்வாளரின் அன்றாடக் கருவியாயிற்று என்பது விஞ்ஞான வரலாற்றின் விநோதங்களுள் ஒன்று.

இந்நஞ்சுகளை உண்ட எலிகளின் ஈரலிலே, புற்றுநோய் தோன்றுமுன், ஒரு விசித்திரமான காட்சி தென்பட்டது. வாயினாளப் புறத்திலிருந்து சிறிய, முட்டை வடிவக் கருவும் மிகச் சொற்பக் கலவுருவும் கொண்ட கலங்கள் சாரை சாரையாகச் சிறுசோணைகளினுள் ஊர்ந்து பரவின. எமானுவேல் பாபர் 1956இல் வெளியிட்ட கட்டுரையின் பின் ‘முட்டையுருக் கலங்கள்’ என்ற பெயர் நிலைபெற்றது. வேறுபட்ட மூன்று நஞ்சுகள் ஒரே வரிசையிலான மாற்றங்களை உண்டாக்குவதை அவர் காட்டினார். (புகைத்தலின் கேடு பற்றி 1964இல் அமெரிக்க அரசுக்கு அறிக்கையளித்த பதின்மர் குழுவில் இவரும் ஒருவர்.) அதே தசாப்தத்திலே, வியன்னாவிலிருந்து 1938இல் நாசிகளிடமிருந்து தப்பிச் சிக்காகோவை அடைந்த ஹான்ஸ் பொப்பர், மனித ஈரல் நோய்களிலும் இத்தகைய சிறுகான்களின் பெருக்கத்தை விவரித்தார். 1958இல் வில்சனும் லெடக்கும், உணவுக் குறைபாட்டால் நலிந்த சுண்டெலிகளின் ஈரலிலே பித்தச் சிறுகான் கலங்கள் ஈரற்கலங்களாக மாறுகின்றன என எழுதினர். அன்றிலிருந்து இரு கட்சிகள்.

இச்சிறுகலங்கள் எங்கிருந்து வந்தன? பித்தம் ஈரற்கலங்களிடையேயுள்ள நுண்வழிகளிலிருந்து கான்களினுள் இறங்குமிடத்திலே, பாதிச் சுவர் ஈரற்கலத்தாலும் பாதிச் சுவர் கான்கலத்தாலும் ஆன சிறு வாய்க்கால் உண்டு. 1860களில் எவால்ட் ஹேரிங் விவரித்தமையால் அவர் பெயரால் வழங்குவது. தண்டுக் கலங்கள் உளவெனின் அவை உறையுமிடம் இந்த எல்லையே எனப் பலர் கருதினர். அவ்வாறு கருதியதற்கு முளையவியல் ஒரு நல்ல காரணத்தை அளித்தது என்பதை ஈண்டு விளக்குதல் வேண்டும்.

ஈரல், முளையத்தின் அகப்படையாலான முன்குடலின் சுவரிலே ஓர் அரும்பாகத் தொடங்குகின்றது; மனிதரில் இது கருவுற்ற நான்காம் வார அளவில் நிகழும். அச்சுவர் தானாகவே ஈரலாகிவிடுவதில்லை. பிரான்சின் நிக்கோல் லெ டுவாறின் கோழி முளையங்களிலே செய்து, 1975இல் தொகுத்துரைத்த பரிசோதனைகள், அயலிலே உருவாகிக்கொண்டிருக்கும் இதயத்தின் இடைப்படை அண்மையில் இருந்தாலன்றி ஈரல் தோன்றாது எனக் காட்டின. இதயம் ஈரலுக்கு விடுக்கும் அச்செய்தியின் இரசாயன வடிவை கென்னெத் சாறெற்றின் குழுவினர் 1999இலும் 2001இலும் கண்டறிந்தனர்: இதய இடைப்படையிலிருந்து ஒரு வளர்ச்சிக் காரணி, உதரவிதானமாக அமையவிருக்கும் இழையத்திலிருந்து இன்னொன்று. குருதி ஓடத் தொடங்குமுன்னரே குருதிக் கலன்களின் உட்சுவர்க் கலங்களும் அரும்பின் வளர்ச்சியைத் தூண்டுகின்றன என்பதும் 2001இல் வெளியாயிற்று. அரும்பிலே பெருகும் கலங்கள் ஈரலரும்பர்கள். இவற்றின் முன் இரு வழிகள் உள. பெரும்பாலானவை ஈரற்கலங்களாகும், வாயினாளத்தின் கிளைகளைத் தொட்டுக்கொண்டிருப்பவை ஒரு தகடாக அடுங்கிப் பித்தக் கான்களாகும். இரண்டாம் வழியைத் திறக்கும் சமிக்ஞை ஒன்றின் பரம்பரையலகு பழுதுற்றமையே, பித்தக் கான்கள் அருகிப் பிறக்கும் அலஜில் நோயின் காரணம் என 1997இல் தெரியவந்தது. ஆக, ஈரற்கலமும் பித்தக்கான் கலமும் ஒரே தாயின் இரு மக்கள். முதிர்ந்த ஈரலிலும் அத்தாயின் சாயல்கொண்ட ஒரு கலம் எஞ்சியிருக்கக்கூடும் என எண்ணுவது இயல்பே. முட்டையுருக் கலங்கள் முளைய ஈரலுக்குரிய புரதமொன்றையே ஆக்குவதும் அவ்வெண்ணத்துக்கு உரமூட்டிற்று.

1987இல் எவார்ட்சும் தோர்கெயர்சனும் பிறரும் எலியிலே அசெற்றைலமினோபுளோரீனால் முதிர்ந்த ஈரற்கலங்களின் பிரிவைத் தடுத்துவிட்டு, பின் மூன்றில் இரண்டு பங்கை அறுத்து, திரிதியத் தைமிடினாற் குறியிட்டனர். குறி முதலிலே முட்டையுருக் கலங்களிற் காணப்பட்டது; சில நாட்களின் பின் சிறிய ஈரற்கலங்களிலே காணப்பட்டது. முன்னவை பின்னவையாயின என்பதே நேரான விளக்கம். தண்டுக் கலக் கட்சி வலுப்பெற்றது.

மறு கட்சியின் சான்றும் வலியதே. பரம்பரையான நொதியக் குறைபாட்டால் ஈரற்கலங்கள் தொடர்ந்து மடியும் சுண்டெலிகளிலே, நலமான எலியின் ஈரற்கலங்களைச் செலுத்தினால் அவை உறுப்பு முழுவதையும் நிரப்பின. அவ்வீரலிலிருந்து கலங்களை எடுத்து அடுத்த எலிக்கும், அதிலிருந்து மற்றொன்றுக்குமாக மாற்றிக்கொண்டே சென்ற ஓவர்ற்றேவ், குரொம்பே முதலியோர், ஈரற்கலங்கள் குறைந்தது 69 தடவை இரட்டித்திருக்க வேண்டும் என 1997இற் கணக்கிட்டனர். முதிர்ந்து, தொழில்செய்து, ஆயினும் இவ்வளவு பெருக வல்லதெனின், தண்டுக் கலம் என்ற பெயருக்கு ஈரற்கலத்தினும் உரியது எது என்ற கேள்வி எழுந்தது.

20ஆம் நூற்றாண்டின் இறுதியிலே தண்டுக் கலம் என்பது ஆய்வுகூடச் சொல்லாயிருந்த நிலை மாறிப் பங்குச் சந்தையின் சொல்லாகவும் ஆயிற்று. அச்சூழலில், என்பு மச்சைக் கலங்களே ஈரற்கலங்களாக மாறுகின்றன என 1999இல் எலியிலும் 2000இல் மனிதரிலும் அறிவிக்கப்பட்டபோது வரவேற்பு பெரிதாயிருந்தது. பெண்ணின் ஈரலிலே ஆணுக்குரிய நிறமூர்த்தம் கொண்ட ஈரற்கலங்கள்! எடுத்தற்கெளிய மச்சையிலிருந்து ஈரல்! மூன்றாண்டுகளிலே இந்நம்பிக்கை பெரிதும் சரிந்தது. 2003இல் வெளிவந்த இரு ஆய்வுகள், சுண்டெலிகளிலே மச்சைவழி வந்த கலங்கள் மாறவில்லை, நோயுற்ற ஈரற்கலங்களோடு ஒன்றிணைந்திருந்தன எனக் காட்டின. இரு கலங்களின் நிறமூர்த்தங்களும் ஒரே உறையினுள் இருந்தன. ஆயினும் மச்சைக் கலங்களைச் சிகிச்சையாக விற்கும் தனியார் நிலையங்கள் இதன்பின்னும் பல நாடுகளிலே பெருகின. ஈரல் சுருங்கிச் செயலிழந்துகொண்டிருக்கும் நோயாளியின் அச்சமே அவற்றின் முதலீடு. பிரித்தானியாவில் 81 நோயாளரைக் கொண்டு முறையாக நடத்தப்பட்டு 2018இல் வெளியான சோதனையிலே, மச்சையிலிருந்து தண்டுக் கலங்களைக் கிளர்த்துவதும் அவற்றைப் பிரித்துச் செலுத்துவதும் ஈரலின் நிலையை மேம்படுத்தவில்லை.

எலியின் ஈரலுக்குத் திரும்புவோம். திரிதியக் குறிக்கு ஒரு குறையுண்டு: ஒவ்வொரு பிரிவிலும் அது பாதியாகும். 1990களிலே உருவான பரம்பரையியல் முறை இக்குறையைத் தீர்த்தது. ஒரு கல வகையிலே மட்டும் தொழிற்படும் பரம்பரையலகு ஒன்றின் துணையோடு, ஆய்வாளர் விரும்பிய நாளிலே, அக்கலங்களின் டி.என்.ஏ.யிலேயே அழியாத நிறக்குறியொன்றைப் பொறித்துவிடலாம். அதன் வழித்தோன்றல்கள் எத்தனை தலைமுறை சென்றாலும் குறியைத் தாங்கும். சாதிச் சான்றிதழுக்குப் பதிலாகப் பிறப்புப் பதிவேடே கைக்கு வந்தது எனலாம்.

பதிவேடு வந்ததும் சச்சரவு ஓயவில்லை என்பதுதான் சுவை. 2011இல் கியோற்றோவின் ஆய்வாளர், சொக்ஸ் 9 என்னும் பரம்பரையலகைக் கொண்டு பித்தக் கான்களைக் குறியிட்டு, நலமான ஈரலிலும் ஈரற்கலங்கள் இடையறாது கான்களிலிருந்தே வருகின்றன என அறிவித்தனர். அதே ஆண்டிலும் 2014இலும் வெளிவந்த வேறு ஆய்வுகள், குறியை ஈரற்கலங்களிலிருந்து தொடங்கிப் பார்த்தபோது, புதிய ஈரற்கலங்கள் ஏறத்தாழ முற்றாகப் பழைய ஈரற்கலங்களிலிருந்தே வருவதைக் கண்டன. குறியிடப் பயன்பட்ட தமொக்சிபென் மருந்தின் அளவும், வாயினாளத்தை அடுத்துள்ள சில ஈரற்கலங்களிலும் சொக்ஸ் 9 சிறிதளவு தொழிற்படுவதும் விவாதத்துக்குள்ளாயின. போதாக்குறைக்கு, ஈரற்கலமே பாதிப்பின்போது பித்தக்கான் கலம்போல் உருமாறுவதும் 2013இற் புலனாயிற்று. முட்டையுருக் கலங்கள் அனைத்தும் ஒரே குலத்தவை எனக் கொண்டமை பிழையாயிற்று.

முடிச்சை அவிழ்த்த ஆய்வுகள், பழைய எலி ஆய்வாளர் செய்ததையே புதிய முறையிற் செய்தன. 2014இலே வரிக்குதிரை மீனில் ஈரற்கலங்கள் அனைத்தையும் அழித்தபோது, கான்கலங்கள் ஈரற்கலங்களாயின. 2017இல் எடின்பரோ ஆய்வாளர் சுண்டெலியின் ஈரற்கலங்கள் பிரியாதவாறு பரம்பரையியல் வழியே தடுத்துப் பின் ஈரலைப் பாதிப்புக்குள்ளாக்கினர். பித்தக்கான் கலங்களிலிருந்து கணிசமான ஈரற்கலங்கள் தோன்றின. 2018இல், அவ்வாறான செயற்கைத் தடையின்றியே, நெடுங்காலம் நஞ்சூட்டப்பட்ட சுண்டெலிகளிலும் அது காணப்பட்டது. எனவே 1987இன் எலியும் பொய் கூறவில்லை, 2014இன் சுண்டெலியும் பொய் கூறவில்லை. முன்னதிலே ஈரற்கலத்தின் கை நஞ்சாற் கட்டப்பட்டிருந்தது, பின்னதிலே கட்டப்படவில்லை. குறுகிய பாதிப்பிலே ஈரற்கலமே தன் இனத்தைப் பெருக்கும். நீண்ட பாதிப்பாலோ தடையாலோ அது ஓய்ந்துபோன பின்னரே கான்கலம் பணியேற்கும். அளவு மாற்றம் பண்பு மாற்றமாகும் விதிக்கு இதோ இன்னொரு சான்று என நண்பர் சிலர் விரையக்கூடும். எலியின் ஈரல் எந்த மெய்யியலுக்கும் சாட்சி சொல்வதற்காக வளர்வதன்று. அதனை அவ்வாறு சாட்சிக்கூண்டில் ஏற்றியமையால் உயிரியலுக்கு நேர்ந்த கேட்டை லைசென்கோ காலத்துச் சோவியத் வரலாறு காட்டியுள்ளது. இரு கட்சியினரும் வெவ்வேறு நிபந்தனைகளிலே நோக்கியதை மறந்து, தாம் கண்டதை ஈரலின் பொது இயல்பாகப் பேசினர் என்று மட்டும் கூறுவதே போதும்.

தண்டுக் கலம் என்னும் கருத்தும் இதனால் உருமாறிற்று. மறைவிடத்தில் வாளாவிருக்கும் தனியொரு கலமன்று. தன் தொழிலைச் செய்துகொண்டே இருந்து, நெருக்கடியில் மட்டும் வேறொரு வேலையை ஏற்கும் ஆற்றல். ஈரற்கலங்களுள்ளும் சிறப்புரிமை பெற்ற குழுவொன்று உளதா என்ற தேடல் வேறாக நடந்தது. 2015இல் மைய நாளத்தை அடுத்தவை என்றொரு ஆய்வும் வாயினாளத்தை அடுத்தவை என்றொரு ஆய்வும், 2018இல் எங்கும் சிதறியவை என்றொரு ஆய்வும் கூறின. 2021இல் இரு குழுவினர் தனித்தனியே, நலமான ஈரலிலே கூடுதலாகப் பிரிபவை இவ்விரு கரைகளுக்கும் இடையிலுள்ள நடுவலயக் கலங்கள் எனக் காட்டினர்.

மனிதரிலே இத்தகைய குறியிடலைச் செய்தல் இயலாது. ஆயினும் வல்லரசுகள் மனித இனம் முழுவதுக்கும் ஒரு குறியை இட்டுவிட்டன. 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் வளிமண்டலத்திலே வெடித்த அணுகுண்டுகள் காற்றின் காபன் 14 அளவை ஏறத்தாழ இருமடங்காக்கின. 1963இன் பரிசோதனைத் தடை உடன்படிக்கையின் பின் அது படிப்படியாகத் தாழ்ந்தது. ஒரு கலம் தன் டி.என்.ஏ.யைத் தொகுத்த ஆண்டின் அளவு அதிலே தங்கிவிடுகின்றது. இதனை அளந்து, டிறெஸ்டனைச் சேர்ந்த குழுவினர் 2022இலே கண்டது, மனித ஈரற்கலங்களின் சராசரி வயது ஏறத்தாழ மூன்றாண்டுகளே என்பதாகும். முதியவர் ஈரலுக்கும் இளையவர் ஈரலுக்கும் இதில் வேறுபாடு பெரிதாகத் தோன்றவில்லை. இரட்டை நிறமூர்த்தத் தொகுதி கொண்ட சாதாரணக் கலங்கள் விரைந்தும், பன்மடங்கு தொகுதி கொண்டவை மிக மெதுவாகவும் புதுப்பிக்கப்படுகின்றன.

இவ்வளவு புதுப்பிக்கும் ஆற்றலுடைய உறுப்பு ஏன் செயலிழக்கின்றது? பாதிப்பு நிற்காமையே பெரும் காரணம். மதுவும் கொழுப்பும் வைரசும் பல்லாண்டு தாக்குகையில் கலங்கள் ஓய, நார்த்தழும்பு அவ்விடத்தை நிரப்புகின்றது. தாக்குதல் நின்றால் தழும்பும் ஓரளவு கரைவதை, ஹெப்பற்றைற்றிஸ் சீ வைரசுக்கு மருந்து வந்தபின் மருத்துவர் பரவலாகக் கண்டனர். அம்மருந்து 2013இல் அமெரிக்காவிலே ஒரு மாத்திரை ஆயிரம் டொலராக, பன்னிரு வாரச் சிகிச்சை 84,000 டொலராக விற்பனைக்கு வந்தது. எகிப்திலே, நத்தைவழிப் புழுநோய்க்கு எதிராக 1980கள்வரை அரசு நடத்திய ஊசி இயக்கத்தின் தூய்மையற்ற ஊசிகளே இவ்வைரசை மக்களிடையே பரப்பியிருந்தன. அந்நாடு விலையைப் பேரம் பேசி 2014இல் ஏறத்தாழ 900 டொலராக்கிற்று. பின் உள்நாட்டு உற்பத்தியால் அதை நூறு டொலருக்கும் கீழாக்கிற்று. 2018, 2019ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ ஐந்து கோடி மக்களைப் பரிசோதித்துச் சிகிச்சையளித்தது. அங்கு மீண்ட ஈரல்களுக்கு எவரும் தண்டுக் கலம் செலுத்தவில்லை.

சிகிச்சைக்கு இடமில்லாத அளவு சுருங்கிய ஈரலுக்கு மாற்று ஈரலே இன்றும் வழி. ஆய்வுகூடத்திலே கலங்களைக் கொண்டு ஈரலை ஆக்கும் முயற்சிகளுள் குறிப்பிடத்தக்கது 2013இல் யப்பானியர் செய்தது. முதிர்ந்த கலத்தை முளைய நிலைக்குத் திருப்பி, அதனை ஈரல் வழியிலே செலுத்தி, உட்சுவர்க் கலங்களோடும் இணைப்பிழையக் கலங்களோடும் ஒன்றாக வளரவிட்டபோது அவை தாமே கூடிச் சிறு ஈரலரும்பாயின. ஈரற்கலம் மட்டும் தனித்து வளர்த்தால் இது நிகழாது. முளையத்திலே லெ டுவாறின் கண்ட அயலுறவு இங்கும் வேண்டியிருந்தது. அவ்வரும்பு எலியின் உடலிலே குருதியோட்டம் பெற்றுத் தொழிற்பட்டது. மனித உறுப்பின் பருமனுக்கும் பித்தக் கான் அமைப்புக்கும் இன்னும் தூரமுண்டு.

மனிதரில் பித்தக்கான் பக்கத்துக் கலங்கள் ஈரற்கலங்களாவது உண்மையா என்பதற்கு நேர்ச்சான்று அரிது. இழைமணிகளின் டி.என்.ஏ.யிலே தற்செயலாக நேரும் மாற்றங்களையே இயற்கைக் குறியாகக் கொண்டு 2009, 2010ஆம் ஆண்டுகளில் வெளியான ஆய்வுகள் சில உள. ஒரே மாற்றத்தைத் தாங்கிய ஈரற்கலக் கூட்டங்கள் வாயினாளப் புறத்தைத் தொட்டு நிற்பதையும், சுருங்கிய ஈரலின் முடிச்சுகள் சில ஒரே மூதாதைக் கலத்திலிருந்து பெருகி அயலிலுள்ள சிறுகான் கலங்களோடு அதே மாற்றத்தைப் பகிர்வதையும் அவை காட்டின. இது பொது மூதாதையைக் காட்டுமேயன்றி, மாற்றம் எத்திசையிலே நிகழ்ந்ததென்பதைத் தன்னளவில் தீர்மானிக்காது.